ஏழு பேர்ச்சஸில் ஒரு குடித்தனம்

புது வீட்டில் படுத்த முதல் இரவு எங்களில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. எனக்கும் மாமியாருக்கும் காரணம் வேறு. நடுச்சாமம் இருக்கும். அவர் இருட்டில் எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா, பக்கத்துல ஒரு சத்தத்தையும் காணோமே" என்றார்.

லயத்தில் அடுத்த காம்பராவில் ஒருவர் இருமினால் நமக்குக் கேட்கும். அங்கே குழந்தை அழுதால் இங்கே விளக்கைப் போடுவோம். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் சொல்லவே வேண்டாம், காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது லயம் முழுவதற்கும் தெரிந்திருக்கும். அறுபது வருடத்துக்கு மேலாக அந்தச் சத்தங்களுக்கு நடுவில் தூங்கிப் பழகியவருக்கு, நான்கு பக்கமும் சொந்தச் சுவர் உள்ள வீடு பயத்தைத்தான் கொடுத்தது. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது என்பதை மறைப்பானேன்?

இது 2019ஆம் ஆண்டு, தைப்பொங்கல் கழித்த வாரத்தில். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குப் போகும் பாதையை ஒட்டிய தோட்டம் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. தோட்டத்தின் பெயரையும் வீட்டாரின் பெயர்களையும் எழுத வேண்டாம் என்று கட்டளை. நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். மாமியார் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மூன்று பிள்ளைகள். ஒரு வீடு, ஏழு பேர்ச்சஸ் காணி. இந்தச் சின்னக் குடித்தனத்தை நடத்தப் பழகிய கதையைத்தான் எழுதப் போகிறேன். வீடு கிடைத்த தோழிகளுக்கும், பட்டியலில் பெயர் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஏதாவது பயன்படலாம்.

ஏழு பேர்ச்சஸ் பேச்சு எப்போது வலுத்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதன் பிறகுதான், லயத்தை உடைத்து இன்னொரு லயம் கட்டுவதல்ல, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் காணியில் தனி வீடு வேண்டும் என்ற குரல் ஓங்கியது. 2015க்குப் பிறகு ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழும்பத் தொடங்கின. இந்திய அரசின் உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் 4000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அன்று கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். மேடையில் நின்றவர்கள் தெரியவில்லை, குடைகள்தான் தெரிந்தன.

ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடிக்குச் சற்றுக் கூட. ஏழுக்கும் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 1900. வீடு 550 போக, படிக்கட்டு, மலசலகூடம், அதன் குழி, சுற்றி ஓடும் கான், பின்னால் வெட்டிய மண் திட்டு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் எங்கள் கைக்கு மிஞ்சியது ஐந்து பாத்தி போடும் இடம்தான். அதுவும் சரிவில். "இதுல என்னத்த போடுறது?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

தேயிலை குடித்த மண்

முதல் வருடம் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் சந்தையில் நூறு கோவா நாற்று வாங்கி வந்து, மண்ணைக் கொத்தி, மாட்டெரு போட்டு, நட்டுவிட்டேன். மாமியார் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நூறு வருசமா தேயிலை குடிச்ச மண்ணு. ஒனக்கு ஒடனே கோவா தந்துருமா?" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கொழுந்து எடுத்தவர், கோவாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம்.

ஒரு மாதம் நன்றாக வந்தது. பிறகு பகலில் வாடும், மாலையில் நிமிரும். சில நாளில் நிமிரவும் இல்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சிக் கிழங்குபோல வீங்கிக் கிடந்தது. நூறில் ஏழு கோவா தேறியிருக்கும்.

பிடுங்கிய செடியைப் பையில் போட்டுக்கொண்டு விவசாயப் போதனாசிரியரைத் தேடிப் போனேன். அது வேர் வீக்க நோய் என்றார். நோய் நாற்றோடு வந்திருக்கும், புளிப்பு மண் அதற்கு வசதி செய்து கொடுத்துவிட்டது என்று விளக்கினார். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், கோவாவுக்குப் பிடிக்காது. வருடக்கணக்காகத் தேயிலைக்குப் போட்ட பசளையும் மண்ணின் புளிப்பைக் கூட்டியிருக்கும். டொலமைட் தூளைத் தூவிக் கொத்திவிட்டு இரண்டு வாரமாவது விட்டு வையுங்கள் என்றார். நோய் கண்ட பாத்தியில் கோவா மட்டுமல்ல, அதன் சாதி சனமான ராபு, நோக்கோல், பூக்கோவா எதுவும் பல வருடத்துக்குக் கூடாதாம். அந்தக் கிருமி மண்ணில் அவ்வளவு காலம் உயிரோடு கிடக்குமாம்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கி மறுபடி நடுவதற்கு முன் மலையில் மானாப்புல்லோ குவாத்தமாலாப்புல்லோ போட்டு ஒன்றரை இரண்டு வருடம் மண்ணை ஆறப் போடுவார்களே, அந்தப் புல்லை நட்டதும் வெட்டியதும் அவர்தானே! தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தோட்டங்களுக்குச் சொல்லும் முறை அது. தேயிலைக்கே மண் இளைப்பாற வேண்டும் என்றால் மற்றதற்குச் சொல்லவா வேண்டும்? அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லக்கூடியவர் என் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தார், நான்தான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மண் விஷயத்தில் அவர் சொல்தான். நோய் பிடித்த பாத்தியில் வெட்டிய புல்லைப் பரப்பி மூடினோம். மற்றப் பாத்திகளுக்கு டொலமைட், அடுப்புச் சாம்பல், மாட்டெரு, மரக்கறித் தோல். சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டவும், மழைத்தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் கான் வெட்டவும் அவர் காட்டிக் கொடுத்தார். கான் வெட்டுவது தோட்டத்தில் ஆண்கள் வேலை. ஆனால் மலையில் நின்று முப்பத்தெட்டு வருடம் பார்த்த கண் இருக்கிறதே. எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எங்கே பாயும் என்று தடியால் கோடு கிழித்துக் காட்டினார், நான் வெட்டினேன்.

இரண்டாம் போகத்தில் போஞ்சி வந்தது. கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறும் சவுக்குக் கம்பும் கொடி ஏற உதவின. சௌ சௌவுக்கு நாற்றும் வேண்டாம் விதையும் வேண்டாம். முளைவிட்ட காயை அப்படியே பாதி புதைத்தால் போதும். அடுத்த மழைக்குள் கோழிக்கூட்டின் கூரையே தெரியாமல் படர்ந்துவிட்டது. காயும் கறி, கொழுந்தும் கறி. கடைசிப் பிள்ளை, "இன்னைக்கும் சௌ சௌவா?" என்று தட்டைத் தள்ளிய நாட்களும் உண்டு.

நான்கு மணிக்கு எழுகிற வீடு

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, சொந்த வீடு, வீட்டுத் தோட்டம், கோழி என்றால் அழகாக இருக்கும். உள்ளே இருப்பவளுக்கு அது இன்னொரு வேலைச் சுமை. லயத்தில் இருந்தபோது ஐந்து மணிக்கு எழுந்தேன். இங்கே வந்த பிறகு நான்கு மணி. அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, கோழியைத் திறந்துவிட்டு ஏழரைக்குப் பிள்ளை மடுவத்தில் நிற்க வேண்டும். மாசி, பங்குனி வறட்சியில் குழாயில் தண்ணீர் நூலாக வரும். அப்போது பழைய லயத்துப் பீலிக்கே குடத்தோடு நடை. கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்கப் பழகிய பிறகுதான் பாத்திக்காவது அந்த நடை மிச்சமானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லயத்தில் நான் வேலைக்குப் போனால் பிள்ளை யார் வீட்டில் சாப்பிட்டது என்றுகூடக் கேட்க மாட்டேன். யாரோ ஒரு பெரியம்மா கொடுத்திருப்பார். புதுக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு படி ஏறி இறங்க வேண்டும். முதல் ஆறு மாதம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். பிறகு எனக்கு மிஞ்சிய போஞ்சியை மேல்வீட்டுக்குக் கொடுத்தேன், அங்கிருந்து மரத்தக்காளி வந்தது. கீழ்வீட்டு அக்கா அடைக்கு வைக்க ஒரு கோழியை இரவல் கொடுத்தார். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரித்தபோது எட்டு வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் அடுப்படியில்தான்.

கிடைத்ததையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மூத்தவளுக்குப் படிக்க ஒரு மூலையும் மேசையும் கிடைத்தன. வீட்டுக்கு இலக்கம் கிடைத்தது. லயத்தில் எங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, கட்டாகக் கிடந்து, யாராவது எடுத்து வந்து கொடுத்தால்தான் உண்டு. என் தம்பிக்கு நேர்முகப் பரீட்சைக்கு வந்த கடிதம், பரீட்சை முடிந்து நான்கு நாள் கழித்துக் கைக்கு வந்தது. ஆகவே மூத்தவளின் பெயரும் வீட்டிலக்கமும் போட்ட முதல் கடிதத்தைத் தபால்காரர் வாசலில் தந்தபோது, அது வெறும் பாடநெறி விளம்பரம் என்று தெரிந்தும் அவள் அதை எறியவில்லை. இன்னும் சாமித்தட்டில் இருக்கிறது.

பாதையும் அப்படித்தான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. வாக்களிக்கலாம், பாதை கேட்கக் கூடாது! 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

யார் பெயரில்?

வீட்டுக்கான படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடம் இருந்தது. அதில் வீட்டுக்காரரின் பெயரை எழுதிவிட்டு உத்தியோகத்தர் அடுத்த படிவத்தை எடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. "ஐயா, என் பெயரும் வேணும்" என்றேன். "ரெண்டு பேரும் ஒண்ணுதானேம்மா" என்றார். ஒன்றுதான் என்றால் என் பெயரை மட்டும் போடுங்களேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தது நானும் மாமியாரும், அவர் கொழும்பில் இருந்தார் என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு அந்தத் துணிவு வந்ததற்கு மாமியாரின் கதைதான் காரணம். அவர் எடுத்த கொழுந்துக்குச் சம்பள நாளில் கைநீட்டிப் பணம் வாங்கியவர் மாமனார். மாமியார் வரிசையில்கூட நின்றதில்லை. காணி விஷயத்திலும் இதே கதைதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்தால் வாரிசு வரிசையில் ஆண்களுக்கே முன்னுரிமை இருந்தது. அது 2022இல்தான் மாற்றப்பட்டது. குடியேற்றத் திட்டக் காணிகளுக்கான சட்டம் அது. என்றாலும் அந்த நினைப்பு எல்லா அலுவலக மேசைகளிலும் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று முறை போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் அரைநாள் சம்பளம் போனது. வீட்டுக்காரரே ஒரு பௌர்ணமி விடுமுறைக்கு வந்தபோது, "ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். இப்போது கடிதத்தில் இரண்டு பெயரும் இருக்கின்றன. உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. தோழியரே, உங்கள் வீட்டில் படிவம் நிரப்பும் நாள் வந்தால் அன்று எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் போய் அருகில் உட்காருங்கள்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது மலையில் கொழுந்து குறைந்தது, வேலை நாளும் குறைந்தது. 2022இல் நாடே வரிசையில் நின்றது. பால்மா இல்லை, காஸ் இல்லை, மாவு விலை ஏறியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. வீட்டுக்காரரின் கடையும் சில மாதம் மூடிக் கிடந்தது. அந்த ஐந்து பாத்தி எங்களைக் காப்பாற்றியது என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மை அதுவல்ல. போஞ்சியும் முட்டையும் கறிக்கு உதவின. அரிசியும் மாவும் கடனில்தான் வந்தன. அந்தக் கடனை 2024 வரை அடைத்தோம். ஐந்து பாத்தி மரக்கறி தரும், சம்பளம் தராது. தோட்டம் போட்டால் கையில் காசு புரளும் என்று சொல்லிக் கொடுப்பவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

விளைச்சலுக்குப் பங்காளிகளும் உண்டு. மரவள்ளிக்கு முள்ளம்பன்றி, உருளைக்கிழங்குக்குக் காட்டுப்பன்றி. கம்பித் தடம் வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொன்றில் இப்படியொரு தடத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டி, சில நாளில் செத்துப்போனது ஊருக்கே தெரியும். அந்தப் பாதையில் நாளைக்கு நம் பிள்ளையின் கால் மாட்டாதா? பழைய கூரைத்தகட்டை நட்டு வேலி அடைத்தோம். கிழங்கு போடுவதை விட்டு வெங்காயத்தாளும் லீக்ஸும் போட்டோம். பன்றிக்கு அதன் வாசம் பிடிக்கவில்லையோ என்னவோ, தொடவில்லை.

பின்னால் உள்ள மண் திட்டுதான் என் பயம். மழை பலமாகப் பெய்தால் அளந்து பார்க்க வேண்டும் என்று மண்சரிவு விளக்கக் கூட்டமொன்றில் சொன்னார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். நேரான பக்கங்கள் உள்ள வெறும் பால்மா டின்னை வெட்டவெளியில் வைத்து, மகனின் பாடசாலை அடிமட்டத்தால் அளப்போம். சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பும் கலங்கல் ஊற்று, இவற்றையும் பார்க்கச் சொன்னார்கள்.

2025 நவம்பர் 27 மாலை, டிட்வா புயல் மழையில், இருட்டும் முன் மகன் ஓடி வந்து, "அம்மா, டின்னு நெறஞ்சிருச்சு" என்றான். மின்சாரம் போயிருந்தது, தொலைபேசியும் இல்லை. மாமியாருக்கு வீட்டை விட மனமில்லை. "லயத்துலயே சாகாதவ, கல்லு வீட்டுலயா சாகப் போறேன்?" என்றார். மூத்தவள் அவரைப் பேசவிடாமல் கம்பளியைச் சுற்றிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நான் எடுத்தது கடிதங்கள் இருந்த பையையும் ஒரு சட்டி மாவையும். எட்டு வீட்டாரும் பாடசாலையில் ஒரே மண்டபத்தில் படுத்தோம். பக்கத்தில் இருமல், குழந்தை அழுகை, குறட்டை. அன்று மாமியார் நன்றாகத் தூங்கினார்!

ஒன்பது நாள் கழித்துத் திரும்பினோம். திட்டின் ஒரு பக்கம் சரிந்து கோழிக்கூட்டை மூடியிருந்தது. பதினொரு கோழி போயிற்று. இரண்டு பாத்தி மண்ணுக்கடியில். வீடு நின்றது. மேலே குறுக்காக வெட்டிய கான் இருந்த பக்கம் மண் அசையவில்லை, தூர்வாராமல் விட்டிருந்த பக்கம்தான் சரிந்தது. பார்க்க வந்தவர்கள் வீட்டில் இருக்கலாம், ஆனால் பின்னால் தாங்குசுவர் வேண்டும் என்றார்கள். அது யார் செலவில் என்று கேட்டேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

தை பிறந்ததும் மண்ணை அள்ளத் தொடங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் கோப்பையொன்றில் எதையோ மூடிக்கொண்டு வந்தார். ஆனைக்கொய்யாக் கொட்டை, முளைவிட்டிருந்தது. இத்தனை வருடமும் மரம் எதையும் நட விடாதவர் அவர். லயத்தில் அவர் அம்மா வைத்த பலாக்கன்றைக் கணக்கப்பிள்ளை பிடுங்கச் சொன்னாராம். அதிலிருந்து அவருக்கு, மூன்று மாதத்தில் பிடுங்கி எடுக்கக் கூடியதைத்தான் நட வேண்டும்.

"அத்தை, கொட்டை போட்டு வளர்ற மரம் காய்க்க ஆறேழு வருசம் ஆகுமே" என்றேன்.

"தெரியும். சுவத்துல இருந்து தள்ளி வெட்டு, வேர் ஓடும்" என்றார்.